எழுதுவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் ஒருநாள் இரவு ஒன்பதரை மணி வரை இம்போசிஷன் எழுதினாள். ‘நான் இனி வகுப்பில் பேச மாட்டேன்’. நூறு முறை. எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ‘நான்’, ‘நான்’ என்று இறக்கிவிட்டு, மறுபடி மேலே போய் ‘இனி’, ‘இனி’ என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். முப்பது வரிகளுக்குப் பிறகு ‘மாட்டேன்’ என்பதன் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருந்தன.

நீங்கள் பயிற்சியில் படித்த உளவியல் பாடத்தை நானும் படித்தவள். உணவோடு சேர்ந்து வந்த ஓசைக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பாடத்தில் வரும் ஆல்பர்ட்டைத்தான் மறந்துவிடுகிறோம். 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் வெளியிட்ட சோதனை அது. பதினொரு மாதக் குழந்தையான ஆல்பர்ட், வெள்ளை எலியைப் பார்த்து ஆசையாகக் கை நீட்டினான். எலியைக் காட்டும்போது முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழே முறைதான். அதன்பின் எலியைக் கண்டாலே அழுதான்; முயலைக் கண்டும், விலங்கு ரோமத்தால் ஆன மேலங்கியைக் கண்டும் மிரண்டான். அந்தப் பயத்தைப் போக்கும் முன்பே அவன் அங்கிருந்து போய்விட்டான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

எலி அந்தக் குழந்தையை ஒன்றும் செய்யவில்லை. சத்தத்தோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். என் மகள் பேசியது காலை பதினொரு மணிக்கு; விரல் வலித்தது இரவில். வலித்தபோது அவள் கையில் இருந்தது பென்சில்.

இப்போது ‘சொல்வதை எழுதுதல்’ இருக்கும் நாளில் அவளுக்கு வயிறு வலிக்கிறது. அது பொய் வலி என்று நான் நினைக்கவில்லை. ஒருநாள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டேன். பத்து மணிக்கெல்லாம் வலி போய்விட்டது. தப்பித்த அந்த நிம்மதிதான் அடுத்த வலிக்கு உரம். உளவியலாளர் ஸ்கின்னர் எதிர்மறை வலுவூட்டல் என்றது இதைத்தான். தெரிந்திருந்தும் நானே அதற்கு இடம் கொடுத்துவிட்டேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. பிரம்பும் இல்லாமல் ஒரு வகுப்பையே எப்படிச் சமாளிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பேசும் பிள்ளையை இடம் மாற்றி உட்கார வையுங்கள். இடைவேளையில் ஐந்து நிமிடம் குறையுங்கள். எழுதுவதையும் வாய்ப்பாட்டையும் மட்டும் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பயந்துபோன பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 1924இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் அவன் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மளிகைச் சீட்டை மகளையே எழுதச் சொன்னேன். புளி, பருப்பு, வெல்லம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதியவள், நான் சொல்லாத ‘கடலை மிட்டாய்’ ஒன்றையும் கீழே சேர்த்திருந்தாள். புள்ளிகள் எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை அவளுக்குச் சொல்வதை எழுதுதல் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்