கூகுளின் முத்திரை இல்லாத ஃபோனும் பாதுகாப்பான ஃபோன்தான்: என்பிசிஐக்கும் வங்கிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ), யுபிஐ செயலி நடத்தும் வங்கிகளின் தகவல் பாதுகாப்புப் பிரிவுகள். பார்வைக்கு: இந்திய ரிசர்வ் வங்கி.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்த கையோடு இன்னொரு வங்கியின் செயலியும் “உங்கள் சாதனம் பாதுகாப்பானதாக இல்லை” என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. எந்தச் சோதனையில் தோற்றோம், யாரிடம் முறையிடுவது என்று திரையில் ஒரு சொல்லும் இல்லை. கிளையில் கேட்டால் “வேற ஃபோன்ல போட்டுப் பாருங்க சார்” என்கிறார்கள். சேவை எண்ணுக்கு அழைத்தால் தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முடிவு அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

பின்னணி உங்களுக்குத் தெரியும் என்பதால் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு ஃபோன் நம்பத்தக்கதா என்பதை அதன் வன்பொருள் தரும் சான்றைக் கொண்டு நீங்களே உங்கள் சர்வரில் சரிபாருங்கள். ஃபோனும் அதன் இயங்குதளமும் முறையானவையா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுள் சேவையான ப்ளே இன்டெக்ரிட்டியின் தீர்ப்பை மட்டும் வைத்து வாடிக்கையாளரை வெளியே நிறுத்தாதீர்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் (செயலி எழுதுவோருக்கென ஆண்ட்ராய்டில் மறைவாக இருக்கும் அமைப்பு மெனு) திறந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பணப் பரிமாற்றத்தை மறுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அன்றாடம் கழுத்தைப் பிடிப்பது அதுதான். ஆண்ட்ராய்டுக்குச் செயலி எழுதிப் பிழைப்பவரின் ஃபோனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் எப்போதும் திறந்தே இருக்கும். அது இல்லாமல் அந்த வேலையே நடக்காது. அவர் கீழே இறங்கிப் போய் பதினைந்து ரூபாய் டீக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் இவ்வளவையும் செய்ய வேண்டும்: செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் டெவலப்பர் ஆப்ஷன்ஸின் தலைப்புச் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த நொடியே யுஎஸ்பி டீபக்கிங் (கணினியிலிருந்து ஃபோனில் செயலியைச் சோதிக்கும் வசதி) நின்று, அதற்காகக் கணினியோடு இருந்த ஏடிபி இணைப்பு அறுந்து, ஓடிக்கொண்டிருந்த சோதனை பாதியில் விழும். அனிமேஷன் வேகம், சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த போலி இருப்பிடச் செயலி முதலான அமைப்புகள் பலவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வங்கிச் செயலி திறக்கும்போதுதான் இதைச் சோதிக்கிறது என்பதால் அதை முழுதாக மூடித் திறக்க வேண்டும். பணம் போன பிறகு மறைந்த மெனுவைத் திரும்பக் கொண்டுவர செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, திரைப் பூட்டின் பின் எண்ணைக் கொடுத்து, டீபக்கிங்கை மறுபடி இயக்கி, கலைந்த அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். வயர்லெஸ் டீபக்கிங் என்றால் போர்ட் எண்ணும் மாறியிருக்கும். மாலையில் காய்கறி வாங்கும்போது இது மறுபடியும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மறுபடியும்.

இத்தனைக்கும் உங்கள் செயலி பார்ப்பது என்ன? ஃபோனின் அமைப்பு அட்டவணையில் பூஜ்யமா ஒன்றா என்று நிற்கும் ஒரே ஒரு மதிப்பு. அந்த மெனு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. யுஎஸ்பி டீபக்கிங்கே ஓடிக்கொண்டிருந்தாலும், ஆண்ட்ராய்ட் 4.2.2 பதிப்பிலிருந்து ஒவ்வொரு கணினியின் அடையாளமான ஆர்எஸ்ஏ சாவியையும் பயனர் திரையில் தட்டி ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு கிடைக்கும். டீபக் செய்யலாம் என்று அறிவிக்காத செயலிக்குள், வழக்கமான ஃபோனில், ஏடிபி வழியாக டீபக்கரை (உள்ளே நடப்பதை ஆராயும் கருவியை) இணைக்க முடியாது. திரைப்பிடிப்பைத் தடுக்கச் செயலியில் ‘செக்யூர்’ என்றொரு குறி வைக்கும் வசதி இருக்கிறது, அதை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள். அப்படியிருக்க இந்தச் சோதனை எந்தத் தாக்குதலைத் தடுத்தது என்று உங்கள் பாதுகாப்புப் பிரிவு விளக்க வேண்டும்.

மக்கள் பணம் இழப்பது வேறு வழிகளில். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (செயலியை நிறுவும் கோப்புகள்), எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் திரையைப் படித்து இயக்கவிடும் அக்சசிபிலிட்டி அனுமதியையும் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. திரையைப் பகிரச் சொல்லும் அழைப்புகள் வருகின்றன. சிம் மாற்று மோசடி நடக்கிறது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மணிக்கணக்கில் மிரட்டி வாங்குகிறார்கள். இவற்றில் ஒன்றுக்கும் ரூட் செய்த (இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட) ஃபோனோ திறந்த டெவலப்பர் மெனுவோ தேவையில்லை. கடையில் வாங்கியபடியே இருக்கும், கூகுள் சான்று பெற்ற, பூட்லோடர் (ஃபோன் துவங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) பூட்டிய சாதாரண ஃபோனே போதும்.

இனி ப்ளே இன்டெக்ரிட்டி. அது ‘பேசிக்’, ‘டிவைஸ்’, ‘ஸ்ட்ராங்’ என்று மூன்று படிகளில் தீர்ப்பு தருகிறது. 2025 மே மாதத்திலிருந்து ஆண்ட்ராய்ட் 13-உம் அதற்கு மேலும் உள்ள ஃபோன்களில் ‘டிவைஸ்’ தீர்ப்புக்கே வன்பொருள் சான்று வேண்டும். ‘ஸ்ட்ராங்’ வேண்டுமானால் கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புத் திருத்தம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்ட் 12-உம் அதற்குக் கீழும் உள்ள ஃபோன்களுக்கு இந்தக் கெடு இல்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு திருத்தமும் பெறாத, ஊரறிந்த ஓட்டைகள் நிறைந்த ஆண்ட்ராய்ட் 9 ஃபோன் ‘டிவைஸ்’ படியில் தேறிவிடும். அதே சமயம், அண்மைத் திருத்தங்கள் அனைத்தும் ஏறிய, பூட்லோடரைப் பூட்டிய, சரிபார்த்த துவக்கத்தோடு (இயங்குதளம் மாற்றப்படவில்லை என்று சோதித்தே துவங்குவது), பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட மாற்று ஆண்ட்ராய்டான கிராபீன் ஓஎஸ் ஓடும் பிக்சல் ஃபோன் அந்தப் படியில் தோற்கும். அது கூகுளின் உரிமச் சான்று பெற்ற இயங்குதளம் இல்லை என்பது ஒன்றே காரணம். இது பாதுகாப்பை அளக்கும் முறை ஆகாது. கூகுளோடு ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் முறை இது.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். ஏமாற்ற நினைப்பவர் இந்தச் சோதனையில் சிக்குவதில்லை. மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு ரூட்டை மறைத்து, சான்று பெற்ற வேறொரு ஃபோனின் அடையாளக் குறிப்பைக் காட்டி, வன்பொருள் சான்றில் கையெழுத்திடும் சாவிகள் அடங்கிய, வெளியே கசிந்த கீபாக்ஸ் கோப்பைச் சொருகி உள்ளே வந்துவிடுகிறார். நேர்மையாகப் பூட்லோடரைப் பூட்டி வைத்தவர்தான் வெளியே நிற்கிறார். வேறு வழி தெரியாமல் சிலர் உங்கள் செயலிக்காகவே பூட்டைத் திறந்து ரூட் செய்து, இந்த மறைப்பு வேலைகளைப் போட்டுக்கொள்கிறார்கள். பாதுகாப்பான ஃபோனைப் பாதுகாப்பற்றதாக ஆக்கும்படி வங்கியே அவர்களைத் தள்ளுகிறது. இதை எழுதும்போது கோபம் வராமல் இல்லை.

மாற்று வழி கடினமானதும் இல்லை. ஆண்ட்ராய்டிலேயே கீ அட்டெஸ்டேஷன் (ஃபோனின் நிலைக்கு அதன் வன்பொருளே சான்றளிக்கும் வசதி) இருக்கிறது. உங்கள் சர்வர் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ஒரு சவால் எண்ணைச் செயலிக்கு அனுப்ப வேண்டும். செயலி அந்த எண்ணோடு ஃபோனின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் ஒரு சாவியை உருவாக்கி, வன்பொருள் கையெழுத்திட்ட சான்றிதழ்ச் சங்கிலியை, அதாவது ஒன்றை அடுத்தது உறுதிசெய்யும் சான்றிதழ்களின் வரிசையை, திருப்பி அனுப்பும். சர்வரில் சங்கிலியை வேர்ச் சான்றிதழ் வரை சரிபார்த்து, ரத்தானவற்றின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பின் அதிலுள்ள விவரங்களைப் படிக்கலாம்: பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, துவக்க நிலை ‘வெரிஃபைடு’ (ஃபோன் தயாரிப்பாளரின் இயங்குதளம்) என்கிறதா ‘செல்ஃப் சைன்டு’ (வேறொருவர் தன் சாவியால் கையெழுத்திட்டது) என்கிறதா, எந்தச் சாவியால் இயங்குதளம் சரிபார்க்கப்பட்டது, பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தது. ‘செல்ஃப் சைன்டு’ என்று வந்தால், அந்தச் சாவி உங்கள் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிராபீன் ஓஎஸ் தன் சாவிகளின் கைரேகைகளை (அடையாள எண்களை) ஃபோன் மாடல் வாரியாக வெளியிட்டிருக்கிறது, செயலி எழுதுபவர்களுக்கான வழிகாட்டியும் தந்திருக்கிறது. வேர்ச் சான்றிதழ் கூகுளுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் யாரை ஏற்பது என்ற முடிவு உங்களிடம் இருக்கும்.

இதிலும் தவறு நேரும் இடங்கள் உண்டு. சான்றிதழைச் செயலிக்குள்ளேயே சரிபார்த்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை, சர்வரில்தான் செய்ய வேண்டும். ரத்துப் பட்டியலை ஒருமுறை இறக்கி அப்படியே விட்டுவிட்டால் கசிந்த கீபாக்ஸ்கள் தேறிவிடும். அட்டெஸ்டேஷன் விவரம் சங்கிலியில் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றிதழ்களில் இருந்தால், வேருக்கு மிக அருகில் இருப்பதையே எடுக்க வேண்டும்; மற்றதைத் தாக்குபவர் ஒட்டியிருக்கலாம். பாதுகாப்பு நிலை ‘சாஃப்ட்வேர்’ என்றிருந்தால் ஏற்கக் கூடாது. லினேஜ் ஓஎஸ் என்ற இன்னொரு மாற்று ஆண்ட்ராய்ட் பெரும்பாலான ஃபோன்களில் பூட்லோடர் திறந்த நிலையில்தான் ஓடுகிறது, அதை இந்தச் சோதனை நிராகரிக்கும். வருத்தம்தான், ஆனால் அதற்கு நியாயமான காரணம் உண்டு. காரணமில்லாத மறுப்பைத்தான் எதிர்க்கிறேன்.

ஸ்மார்ட்ஃபோனே இல்லாதவர் *99# அழைத்து, பட்டன் ஃபோனில் யுபிஐ பின்னைத் தட்டிப் பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே அத்தகையவர்களுக்காகவே வந்தது. நல்ல திட்டம், எல்லோருக்கும் அது வேண்டும். பட்டன் ஃபோனில் இயங்குதளச் சோதனை ஏதும் இல்லை; *99# பயன்படுத்தும், இணையம் தேவைப்படாத யுஎஸ்எஸ்டி வழியில் முனைக்கு முனை மறையாக்கமும் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைப்பது) இல்லை. தொகைக்கு ஒரு வரம்பு வைத்து அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதே வரம்போடு கூடவா, மாற்று இயங்குதளமோ திறந்த டெவலப்பர் மெனுவோ வைத்திருக்கும் எங்களை ஏற்க முடியாது? என்பிசிஐ தரும் காமன் லைப்ரரி (யுபிஐ பின்னை வாங்கி மறையாக்கும் நிரல் தொகுப்பு) இல்லாமல் யாரும் யுபிஐ செயலி எழுத முடியாது. எனவே, நாங்களே ஒன்றை எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லவும் வழியில்லை. உலாவியில் நெட்பேங்கிங் என்று ஒதுங்கினால், அதற்கும் செயலியில் ஒப்புதல் தட்டச் சொல்கிறார்கள் சிலர்.

பாதுகாப்பின் பெயரால் உங்கள் செயலிகள் கேட்கும் அனுமதிகளையும் சொல்லாமல் விட மனமில்லை. இருப்பிடம் தராவிட்டால் சில திறப்பதில்லை. பணம் அனுப்ப எண்ணும் கியூஆரும் போதுமென்றாலும் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்பவை உண்டு. ஃபோனில் வேறு என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று துழாவுபவையும் உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறாம் பிரிவில், மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அந்த ஒப்புதல் அதற்குச் செல்லாது என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் 2021 பிப்ரவரி டிஜிட்டல் கொடுப்பனவுப் பாதுகாப்பு நெறிமுறையும் தரவையும் அனுமதியையும் குறைவாகவே கேட்கச் சொல்கிறது. செயலியின் செக்சம்மை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணை, பயனர் சரிபார்க்கும்படி பொதுவில் வெளியிடவும் சொல்கிறது. எங்கள் ஃபோன் முறையானதா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பவர்கள், தங்கள் செயலி முறையானதா என்று நாங்கள் சோதிக்க அந்த ஒரு வரி எண்ணை எளிதில் கண்ணில் படும்படி வைத்தால் என்ன?

ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடக்கும் அமைப்பு இது. 2025 ஆகஸ்ட்டிலேயே அந்த எண்ணைக் கடந்துவிட்டீர்கள். சில்லறை இல்லை, ஜிபே பண்ணுங்க என்று பெட்டிக்கடையிலும் சொல்லும் காலத்தில், யுபிஐ இல்லாமல் இருப்பது ஒருவரின் விருப்பத் தேர்வாக இனி இருக்க முடியாது. இப்படிப்பட்ட பொது வசதிக்குள் நுழையும் வாசலை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தீர்ப்பிடம் விட்டுவைத்திருப்பது, எங்களைப் போன்ற சிலரை மட்டும் பாதிக்கும் விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நிறுவனம் நாளை விதியை மாற்றினால் உங்கள் வாடிக்கையாளர்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதும் மாறும், உங்களைக் கேட்காமலே.

ஆகவே பணிவுடன் மறுபடியும் கேட்கிறேன். வன்பொருள் சான்றை நேரடியாகச் சரிபார்த்து, பூட்டிய பூட்லோடரும் அறியப்பட்ட சாவியும் அண்மைத் திருத்தமும் உள்ள ஃபோன்களை ஏற்க என்பிசிஐ எல்லா யுபிஐ செயலிகளுக்கும் பொதுவாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் எச்சரிக்கை காட்டுங்கள், பரிமாற்றத்தை நிறுத்தாதீர்கள். மறுக்கத்தான் வேண்டுமென்றால் எந்தச் சோதனையில் தோற்றது என்ற குறியீட்டையும், முறையிட ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அதே திரையில் தாருங்கள். முதலில் ஒரே ஒரு வங்கி, குறைந்த தொகை வரம்போடு, இதைச் சோதனையாகத் தொடங்கினாலும் போதும். அதற்கான சர்வர் நிரலை எழுதித் தரவும், பரிசோதிக்கவும் ஊதியம் எதிர்பாராமல் முன்வரும் நிரலாளர்கள் பலர் இருக்கிறார்கள், நான் உட்பட. எப்போது தொடங்குவீர்கள் என்ற தேதியோடு பதில் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சொந்தமாக நிரல் எழுதிப் பிழைக்கும் ஒரு வாடிக்கையாளர்