பலகையில் ஆண்டையும் எழுதுங்கள்: ரூட் 66 ஓடிய எட்டு மாநில நெடுஞ்சாலைத் துறைகளுக்கு

இல்லினாய் தொடங்கி கலிஃபோர்னியா வரையிலான நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம். ரூட் 66 என்பது சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வரை ஓடிய பழைய அமெரிக்க நெடுஞ்சாலை; அதன் பாதை பல இடங்களில் காலத்துக்குக் காலம் மாறியது.

நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் சென்ட்ரல் அவென்யூவும் நான்காம் தெருவும் கூடும் முனையில் நின்று "ரூட் 66 எந்தப் பக்கம்?" என்று கேட்டால், நாலு திசையையும் காட்டலாம். நாலும் சரிதான். 1926-இல் எண் கொடுத்த பாதை சான்டா ஃபே போய்ச் சுற்றி, நான்காம் தெரு வழியாகத் தெற்கே இறங்கியது. 1937-இல் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, சென்ட்ரல் அவென்யூவில் கிழக்கு மேற்காக நேரே விட்டார்கள். ஒரே சாலை தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் அது. அங்கே வெறுமனே "66" என்று எழுதி என்ன பயன்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பழைய 66-ஐக் காட்டும் ஒவ்வொரு பலகைக்கு அடியிலும், அந்தத் தடம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை 66-ஆக இருந்தது என்று எழுதுங்கள்.

இல்லினாய் இதைச் செய்துவிட்டது. பழுப்புப் பலகையிலேயே காலம் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தெற்கே அது இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். கார்லின்வில் வழியும் 66, லிட்ச்ஃபீல்டு வழியும் 66; முன்னது 1930 வரை, பின்னது அதற்குப் பிறகு. ஆபர்ன் பக்கத்தில் எல்லோரும் படம் எடுக்கும் செங்கல் பாதை முதல் தடத்தில்தான் இருக்கிறது. ஆனால் செங்கல் பாவியது 1931-இல், 66 அந்தப் பக்கம் போவதை நிறுத்திய பின்! வேறு சில இடங்களிலும் ஆண்டு எழுதிய பலகைகள் உண்டு. எட்டு மாநிலத்துக்கும் பொதுவான முறைதான் இல்லை.

இது வரலாற்று ஆர்வலர்களின் பிடிவாதம் மட்டுமல்ல. அரிசோனாவில் கிங்மேனிலிருந்து ஓட்மேன் போகும் மலைப்பாதையைப் பாருங்கள். சிட்கிரீவ்ஸ் கணவாயில் கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. பம்ப் இல்லாமல் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலில் ஓடிய அந்தக் காலத்துக் கார்கள், ஏற்றத்தில் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும்; அதனால் பின்பக்கமாகவே ஏற்றினார்கள். இன்று 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அங்கே தடை. 1952-இல் 66 யுக்கா வழியாக மாறிவிட்டது. "1926–1952" என்று ஒரு தகடு இருந்தால், பெரிய வண்டிக்காரர் இது கைவிட்ட தடம் என்று திரும்பும் முன்பே யோசிப்பார். உள்ளே போய்விட்டால் திருப்ப இடமில்லை.

ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் நடுவே 9 அடி அகலத் துண்டு ஒன்று 1937 வரை 66-ஆக இருந்தது. எதிரே வண்டி வந்தால் ஒரு பக்கச் சக்கரங்களை ஜல்லியில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். மழை பெய்தால் அந்த ஓரம் சேறு. அங்கே ஆண்டோடு அகலத்தையும் எழுதினால் நல்லது. டெக்சாஸ் எல்லையில் கிளென்ரியோவிலிருந்து சான் ஜான் வரை தார் இல்லை என்பதையும் அப்படியே.

இரண்டு முனைகளிலும் குழப்பம்தான். சிகாகோவில் தொடக்கம் முதலில் ஜாக்சன்–மிச்சிகன் சந்திப்பு. 1955-இல் ஜாக்சன் ஒருவழியானதால் மேற்கே போகிறவர்கள் ஆடம்ஸ் தெருவுக்கு மாறினார்கள். மறுமுனை லாஸ் ஏஞ்சலஸில் ஏழாம் தெருவும் பிராட்வேயும். 1936 முதல் சான்டா மோனிகாவில் லிங்கன்–ஒலிம்பிக் முனை. அங்கே கடல் பாலத்தில் 66 முடிகிறது என்று சொல்லும் பலகை முன் எல்லோரும் நின்று படம் எடுக்கும் இடம் ஒருநாளும் அதிகாரபூர்வ முடிவாக இருந்ததில்லை. அந்தப் பலகையை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும். உண்மையான முனையிலும் ஒன்று வையுங்கள்.

இதற்காகப் பலகையையே மாற்ற வேண்டாம். இருக்கும் கம்பத்தில் கீழே ஒரு சின்னத் தகட்டைத் திருகினால் போதும். பலகை திருட்டுக்குப் பயந்து சாலையிலேயே கேடய வடிவ 66 குறியை வரையும் இடங்களில், அதற்கடியில் ஆண்டையும் வரையலாம். இரண்டு தடமும் ஒன்றாக ஓடும் இடத்தில் இரண்டு காலத்தையும் போடுங்கள். முட்டுச்சந்தாக முடியும் துண்டு என்றால், அதைத் திருப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்; நாலு மைல் போன பிறகு வேண்டாம்.

எண் கொடுத்து 2026 நவம்பர் 11-இல் நூறு ஆண்டு. எல்லாத் தகட்டையும் ஒரே மூச்சில் போட முடியாது, தெரியும். கிங்மேனுக்கு மேற்கே ஓட்மேன் பாதை பிரியும் இடத்தில் முதல் தகட்டைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தடங்களைத் தேடி ஓட்டும் பயணிகள்