கோரிக்கை மனு: வட்ட மருத்துவமனைகளில் அசைக்ளோவிர் ஊசி மருந்து

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்,
சென்னை.

பொருள்: குழந்தைகளின் மூளை அழற்சிக்கான ஊசி மருந்தை எப்போதும் இருப்பில் வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் மாலை தண்ணீர்ச் சொம்பைக் காட்டி ‘செருப்பு’ என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்தோம். இரவில் என்னையே யாரென்று தெரியாமல் விழித்தாள். வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வேப்பிலை அடிக்கச் சொன்னார். நான் ஆட்டோ பிடித்தேன்.

அரசு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த மருத்துவர், ஹெர்ப்பீஸ் வைரஸால் வரும் மூளை அழற்சியாக இருக்கலாம் என்றார். அசைக்ளோவிர் ஊசி அங்கே இல்லை. சீட்டோடு மூன்று மருந்துக்கடைகளுக்கு ஓடினேன். மாத்திரை இருந்தது, களிம்பு இருந்தது. இந்நோய்க்கு மாத்திரை போதாது, இரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். 108 வண்டியில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் முதல் ஊசி ஏறியபோது விடிந்துவிட்டது. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை; நோயைச் சரியாகச் சந்தேகித்தவரை மாட்டிவிட எனக்கு மனமில்லை.

‘மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடவில்லையா?’ என்று பலரும் கேட்கிறார்கள். அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. இந்தியாவில் 1955இல் வேலூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு, வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. என் மகளுக்கு வந்ததற்குத் தடுப்பூசி இல்லை, மருந்து உண்டு. அந்த மருந்து கிடைக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுகிறார்கள். தண்டுவட நீர்ப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் தொடங்க வேண்டிய சிகிச்சை இது.

என் மகளின் எடை 16 கிலோ. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் குப்பி ஒன்று, 21 நாளுக்கு 63 குப்பி ஆயிற்று. அத்தனையையும் வட்ட மருத்துவமனையில் கேட்கவில்லை. ஆறு குப்பி கேட்கிறேன். குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் வேளையை ஏற்றிவிட அது போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து இதை வழங்கவும், காய்ச்சலோடு பேச்சுக் குழறினாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஊசியைத் தொடங்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

மகள் வீடு திரும்பிவிட்டாள். வலிப்பு மருந்து தொடர்கிறது. சொற்களைத் தேடித் தேடித்தான் பேசுகிறாள்.

இப்படிக்கு,
குழந்தையின் தந்தை
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

இணைப்பு: சிகிச்சைக் குறிப்பு நகல்