"இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பும் குழந்தை மருத்துவர்களுக்கு

வணக்கம் டாக்டர்,

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். உங்களைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைகள்தான் என்னிடமும் வருகிறார்கள். என்ன, பலர் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து வருகிறார்கள். இரண்டு வயதில் "பேச்சு வரவில்லையே" என்று உங்களிடம் கேட்ட அம்மா, மூன்றரை வயதில் என் எதிரே உட்கார்ந்து "அப்பவே கேட்டேன், பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க, பார்க்கலாம்னு டாக்டர் சொன்னார்" என்கிறார். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை புரியாமல் இல்லை. வெளியே காய்ச்சலோடு கூட்டம் காத்திருக்கிறது, உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், ஊசி போட்ட அறை என்பதாலேயே குழந்தை வாயைத் திறக்காது. நீங்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. இரண்டு வயதில் பேச்சு தாமதமாக இருக்கும் குழந்தைகளில் நிறைய பேர் பள்ளிக்குப் போவதற்குள் மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை சேரும், எது சேராது என்பதை அந்த வயதில் பார்த்த பார்வையில் உறுதியாகச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. தேவையில்லாமல் அனுப்பிய குழந்தைக்கு என்ன நஷ்டம்? கொஞ்ச நாள் விளையாடிவிட்டுப் போகும். அனுப்பாமல் விட்ட குழந்தைக்கு, மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் வயது கையைவிட்டுப் போகிறது. இந்த இரண்டு தவறும் ஒரே எடை இல்லை, டாக்டர்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022ல், எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று சொல்லும் தன் வளர்ச்சி மைல்கல் பட்டியலைத் திருத்தியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் பாதிக் குழந்தைகள் ஒரு விஷயத்தைச் செய்யும் வயதையே மைல்கல்லாக வைப்பது வழக்கம், அதனால் தவறவிட்டாலும் "பரவாயில்லை, மீதிப் பாதியில் இருக்கும்" என்று சொல்லிவிட முடிந்தது. இப்போது 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் செய்யும் வயது. காத்திருக்கச் சொல்லும் பழக்கத்தைக் குறைப்பதும் அந்த மாற்றத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் கீழே உட்கார்ந்தே "பார்க்கலாம்" என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் காது. என் ஆதங்கத்தில் பாதி இதுதான். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது முறையான கேட்புப் பரிசோதனை, ஆனால் என்னிடம் வரும் ஃபைல்களில் பெரும்பாலும் அது மட்டும் இருக்காது. "டிவி சத்தம் கேட்டா திரும்புறானே" என்று வீட்டில் சொல்வார்கள், உண்மையாகவும் திரும்பும். கதவு அறையும் சத்தம் கேட்கும், மெல்லிய 'ச', 'ஃப' ஒலிகள் மட்டும் கேட்காமல் போகும் குழந்தைகள் உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு ஒரு வாரம் நன்றாகவும் மறு வாரம் மந்தமாகவும் கேட்கும் குழந்தைகள் உண்டு. முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது, நிழலையும் காற்றையும் வைத்தே குழந்தை திரும்பிவிடும். பிறந்தபோது செய்த ஸ்கிரீனிங்கில் பாஸ் என்றாலும், பிறகு வரும் குறையை அது காட்டாது. பிறவியிலேயே குறை இருந்தால் 1 மாதத்துக்குள் ஸ்கிரீனிங், 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்று வகுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. மூன்று வயதில் முதல்முறையாக காது மெஷின் மாட்டும் குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

சிலவற்றில் ஒரு மாதம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை. பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை, எந்த வயதானாலும் சரி. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கையசைப்போ இல்லாத குழந்தை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தை, "இடதுகைப் பழக்கம் போல" என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை அது. அது செரிப்ரல் பால்சியின் (வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் வரும் உடல் அசைவுக் குறை) அறிகுறியாக இருக்கலாம். அதை, குறைமாதத்தைக் கழித்துக் கணக்கிட்ட வயதில் 6 மாதத்துக்கு முன்பேகூடக் கண்டறிய முடியும் என்று பன்னாட்டு நிபுணர் குழு 2017லேயே எழுதிவிட்டது.

"முதலில் ஆட்டிசமா இல்லையா என்று தெரியட்டும், பிறகு தெரபி" என்பதும் அடிக்கடி கேட்பதுதான். நோயின் பெயர் தெரியும் வரை நிறுத்திவைக்க இது ஒன்றும் ஆபரேஷன் இல்லை. தாமதம் இருக்கிறதா, தொடங்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்காக அமெரிக்கா 1986ல் கொண்டுவந்த சட்டத்தில்கூட, வளர்ச்சியில் தாமதம் இருந்தாலே சேவை உண்டு, பெற்றோரே நேராகக் கேட்கலாம். அந்த வயதில் நாங்கள் செய்வதும் பெரும்பாலும் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். குழந்தை பார்க்கும் பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வது, கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடாமல் சில நொடி பொறுப்பது. (காத்திருக்கச் சொல்வது நாங்களும்தான், அது நொடிக் கணக்கில்.)

"போனைக் காட்டாதீங்க, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். போனைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதைச் சொன்னதோடு பரிசோதனை முடிந்துவிடுவதில்லை, அந்த அம்மா வேறு குற்ற உணர்ச்சியோடு வீடு திரும்புகிறார். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் தாமதம், ஒன்றை நிறுத்துங்கள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். காத்திருப்போர் பட்டியல் நீளம், "முழுசா குணப்படுத்துகிறோம்" என்று போர்டு வைத்த சென்டர்களும் இருக்கின்றன. யாரிடம் அனுப்புவது என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. அதற்காக அனுப்பாமலே இருப்பதா?

நேரம் இல்லை என்றால் கேள்வித்தாளைப் பெற்றோர் கையில் கொடுத்து வெளியிலேயே நிரப்பச் சொல்லுங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் ஆட்டிசம் ஸ்கிரீனிங்கில் 20 கேள்விகள்தான், ஆம், இல்லை என்று பதில். காத்திருக்கலாம் என்றே உங்களுக்குத் தோன்றினாலும், அதற்குள் குழந்தை என்னென்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். காது பரிசோதனைக்கு மட்டும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

சும்மா அனுப்பிவிட்டீர்கள் என்று உங்களை யாரும் திட்டப் போவதில்லை. பிரச்சினை ஏதும் இல்லையென்றால், இல்லை என்று எழுதி உங்களிடமே திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்