303 துவக்கின் வெடித்த மரத்துக்குப் பசை மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மிசிசாகாவில் லேக்சோர் வீதியில் நிற்கும் பழைய ஆயுதப் பரிசோதனைக் கட்டடம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கட்டடம் சேர்ந்திருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் ஏறத்தாழ 9 லட்சம் லீ என்பீல்ட் 303 துவக்குகள் செய்தார்கள், வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம் என்பதெல்லாம் நன்றாக வந்திருந்தது. ஆனால் அந்தத் துவக்குகளுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஒரு வரியும் இல்லை. போர் முடிந்து இராணுவம் கழித்துவிட்டவை மலிவு விலைக்கு வந்தன, மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள், இன்றைக்கும் ஒன்ராறியோ முழுக்க எத்தனையோ வீடுகளில் அவை இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் சிலரும் இப்போது உரிமம் எடுத்து, வேட்டைக்குப் போகிற ஆசையில் அவற்றை வாங்குகிறார்கள். வாங்கியவுடன் காண்கிற முதல் பிரச்சினை வெடித்த மரம்.

நான் பழைய தளபாடம் திருத்துகிற தச்சன். அந்தப் பழக்கத்தில் இந்தத் துவக்குகளின் மரமும் என் மேசைக்கு வரும். அதனால்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல மரம் வீணாகப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. வெடிப்பைக் கண்டதும் கனபேர் செய்வது இரண்டு காரியம்: ஒன்று, மேலே பசையைப் பூசிக் கிளாம்ப் போட்டுவிட்டுச் சரி என்று சுடப் போகிறார்கள். மற்றது, மரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் பிடி வாங்குகிறார்கள்.

லீ என்பீல்டின் மரம் வேறு பல துவக்குகளைப் போல் ஒரே துண்டு இல்லை. தோளில் வைக்கிற பிடி தனி, குழலுக்குக் கீழே போகிற முன்கட்டை தனி. சுடும்போது உலோகம் பின்னுக்கு உதைக்கிறது, அந்த உதைப்பை முன்கட்டையில் தாங்குவது மகசீன் (தோட்டாப் பெட்டி) குழிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள, விரல் நுனி அகலமே இருக்கும் இரண்டு சின்ன மர முகங்கள். பல ஆண்டு எண்ணெய் ஊறி அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும், அல்லது மரம் காய்ந்து சுருங்கி உலோகத்தை விட்டு விலகிவிடும். பிறகு உதைப்பு தாங்கக் கூடாத இடத்தில் போய் விழுகிறது, முன்கட்டையின் பின் முனை நார் போகிற திசையில் பிளக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பு பெரும்பாலும் விளைவுதான். காரணம் உள்ளே இருக்கிறது. பசை மட்டும் போட்டால் அடுத்த வேட்டைக் காலத்தில் அதே இடம் திரும்பவும் வாய் திறக்கும்.

அக்காவின் மகன் கொண்டுவந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். வெளியே பார்த்தால் தலைமயிர் அளவு கீறல், அதன் மேல் யாரோ பூசிய பசை மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. கழற்றிப் பார்த்தால் அந்த இரண்டு முகங்களில் இடப்பக்கம் கறுத்து மினுங்கியது, பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. வலப்பக்கம் புது மரம் மாதிரி, உலோகம் தொட்ட அடையாளமே இல்லை. முழு உதைப்பையும் ஒரு பக்கம் தனியாகத் தாங்கினால் பிளக்காமல் என்ன செய்யும்?

வேலை தொடங்க முன்னர், தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளுகிற கைபிடி வைத்த உலோகத் தண்டை, கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். லீ என்பீல்டின் பழைய மார்க் 3 வகையில் இன்னொன்று: முன்கட்டையைக் கழற்றாமல் பின்பிடியின் நீள ஆணியைத் திருப்பவே கூடாது. அந்த ஆணியின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கிற தகட்டில் பொருந்தி நிற்கிறது, திருப்பினால் நல்ல கட்டையும் அந்த இடத்தில் பிளந்துவிடும். இந்தப் பிழையால் உடைந்தவை நிறைய.

அப்புறம் எண்ணெய். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து வெடிப்பின் மேல் கனமாக அப்பி, வெயிலில் வையுங்கள். வெள்ளைத் தூள் எண்ணெயை இழுத்துப் பழுப்பாகும், தட்டி விட்டுத் திரும்பவும் அப்புங்கள், தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே வெளியில் வைத்துச் செய்யுங்கள், நெருப்புப் பக்கம் வேண்டாம்.

பசைக்கு மெதுவாக இறுகும் எபொக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், உள்ளே ஓட நேரம் இராது. வெடிப்பை ஒரு மெல்லிய மரச் சிராய் வைத்துக் கொஞ்சம் திறந்து, எபொக்சியை இளஞ்சூடாக்கி விட்டு, மற்றப் பக்கத்தால் கசியும் மட்டும் ஊதி உள்ளே தள்ளுங்கள். இரும்புக் கிளாம்பைவிடப் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது மேல். வளைந்த மரத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இறுக்கும், தழும்பும் வராது. பெரிய வெடிப்பென்றால் உள்பக்கத்தால் துளைத்து, மரை வெட்டிய பித்தளைக் கம்பியை எபொக்சியில் தோய்த்துக் குறுக்கே விடலாம், வெளியே தெரியாது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலைக்காரர் இந்தப் பலவீனம் தெரிந்தே முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைப் போட்டார்கள், அங்கிருந்து வந்த துவக்குகளில் அதைக் கண்ணாலேயே காணலாம். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையிலோ மரம் மென்மை என்று அந்த இரண்டு முகங்களுக்கும் செப்புத் தகடு வைத்தார்கள்.

இனி முக்கியமான வேலை. மெத்தென்று போன முகத்தை உளியால் சதுரமாக வெட்டி எடுத்து, நன்றாகக் காய்ந்த வன்மரத் துண்டு ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். நாரின் வெட்டுமுனை உலோகத்தைப் பார்த்து நிற்க வேண்டும், பக்கவாட்டு நார் நின்றால் நசிந்துவிடும். துண்டைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, உலோகத்தில் விளக்குக் கரி பூசி, பொருத்திப் பொருத்திக் கழற்றிப் பார்த்து, கரி பட்ட இடத்தை மட்டும் மெல்லச் சீவுங்கள். இரண்டு முகத்திலும் ஒரே அளவு கரி ஒட்டும்வரை விடக்கூடாது. லோங் பிராஞ்சில் செய்த நம்பர் 4 வகையில் கடைசியாகக் குழலின் முன் முனையையும் பாருங்கள். முன்கட்டை அந்த இடத்தில் குழலைக் கீழிருந்து சில இறாத்தல் அளவுக்கு மேலே அழுத்த வேண்டும். அது இல்லையென்றால் குறி ஒரு இடத்தில் நிற்காது.

தயவுசெய்து சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். மரத்தில் இருக்கிற பரிசோதகர் முத்திரைகள் போனால் போனதுதான். உங்கள் கட்டுரையில் வந்த அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களின் கைத்தடம் அது. பள்ளங்களுக்கு ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஆவி பிடித்தால் போதும், நசிந்த நார் தானாக எழும்பும். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் மெல்லிசாகத் தேய்த்துக் காயவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே வேண்டாம், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

பிளாஸ்டிக் வாங்கினால் இந்தக் கரைச்சல் இல்லையே என்று கேட்பார்கள். இராணுவத்தின் பகுதிநேரப் பிரிவான கனடிய ரேஞ்சர்கள் வடக்கே பனியில் 1947 இலிருந்து இந்த மரத் துவக்கோடுதான் நின்றார்கள், பிறகு அவர்களுக்குக் கொடுத்த சி-19 துவக்குக்கும் பிடி மரத்தில்தான், சிவப்புச் சாயம் ஏற்றிய ஒட்டுமரம். அந்தப் புதிய பிடிகளிலும் வெடிப்பு வந்ததாகச் செய்தி வந்தது. மரம் என்றால் காய்ந்தும் ஈரப்பட்டும் அசையும், வெடிப்பும் வரும். பழைய வால்நட் முன்கட்டை ஒன்றைச் சரியாகத் திருத்தினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும், அதை எறிந்தால் அப்படியொன்று திரும்பக் கிடைக்காது.

ஸ்காபரோவில் சமையலறை அலுமாரியும் பேஸ்மென்ட் வேலையும் செய்கிற எங்கள் தச்சர்கள் பலருக்கு ஊரிலேயே உளி பிடித்த கை. இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது. துவக்கு வைத்திருக்கிற பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கேளுங்கள், துவக்கை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு மரத்தை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள். திருத்தவே முடியாதபடி உடைந்த முன்கட்டை யாரிடமாவது இருந்தால் அதையும் எறியாமல் அவர்களிடம் கொடுங்கள், இன்னொன்றுக்கு ஒட்டுப்போட அதே காலத்து மரம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
ஸ்காபரோ.