ஆறு கட்டையிலிருந்து ஐந்துக்கு

கொழிஞ்சாம்பாறை

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பியவன் அடுத்த பொங்கல் வரப்போகிற சமயத்திலும் வாயைத் திறக்கவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது நம்ம பாடகன் சிலோன் விஷயம்.

தை மாதம் நம்ம மீசையோட மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் நம்ம பழைய ராக் கோஷ்டிதான் வாசிக்கிறது என்று முடிவாகிவிட்டது. உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பாய். பாட்டுப் பட்டியலைச் சிலோன்தான் எழுதித் தந்தான். கடைசிப் பாட்டு என்ன தெரியுமா? டீப் பர்ப்பிள் ராக் கோஷ்டியின் 'சைல்ட் இன் டைம்'. போரைப் பற்றிய பாட்டைக் கல்யாண வீட்டில் பாடுவது ஒரு பக்கம் கிடக்கட்டும், அதில் உச்சத்தில் வருகிற அந்தக் கூச்சலை இந்த வயதில் எப்படிப் போடுவான்?

அவன் தொண்டை சரியில்லை. வேலந்தாவளம் சந்தையில் காய்கறி ஏலம் கூவிக் கூவி, பேசினாலே காற்று கசிகிறது. வலுக்கட்டாயமாகக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினேன். வாய்க்குள் குழாயை விட்டு டிவியில் காட்டினார். வெள்ளையாக இரண்டு பட்டை, அதுதான் குரல் நாணாம், 'ஈ...' என்று இழுக்கச் சொன்னால் இரண்டும் நெருங்கி வருகின்றன, ஆனால் நடுவில் ஒட்டவில்லை. மெல்லிய இடைவெளி ஒன்று அப்படியே நிற்கிறது. கட்டி இல்லை, புற்று இல்லை, அதுவரை நிம்மதி. வயதானால் குரல் நாணின் தசை மெலியும், மேல் சவ்வு விறைக்கும், குரல்வளைக் குருத்தெலும்பு எலும்பாக மாறும், நுரையீரலின் தம்மும் குறையும் என்றார் டாக்டர். ஆண்களின் பேச்சுக் குரல் வயதானால் சற்று மேலே ஏறுமாம், பெண்களுடையது இறங்குமாம். சிலோனும் அவன் வீட்டுக்காரியும் இப்போது ஒரே சுதியில் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான் போல. பாட்டில் மட்டும் கதை வேறு. முதலில் கைவிட்டுப் போவது உச்ச ஸ்வரங்கள்தான்.

திரும்பி வரும்போது வேலந்தாவளம் வரை அவன் வாயே திறக்கவில்லை. சந்தையைத் தாண்டும்போதுதான் கேட்டான்: "ஏலம் விடவாவது வருமாடா?" அந்த ஆளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை மாப்ளே.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. ராத்திரி உட்கார்ந்து பழைய பாடகர்களின் இப்போதைய கச்சேரிகளைப் பார்க்கிறேன். கீழே பொடிப்பயல்கள் "கிழவனுக்குத் தொண்டை போச்சு" என்று எழுதியிருப்பதைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் அந்த 'சைல்ட் இன் டைம்' பாட்டை 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் பாடியபோது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை. கிடாரை ஒத்துப்பார்க்க நீ தட்டுகிற ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ், அதாவது அந்தப் பட்டைகள் நொடிக்கு 440 தடவை மோத வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே போனால் 880. மெலிந்துபோன தசை அதற்கு எங்கே போகும்? கில்லன் 2000-களின் தொடக்கத்திலேயே அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார். டேப்பை ஓடவிட்டு வாயசைக்கிறவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்டைப் பார். அந்தக் கோஷ்டி 2007 டிசம்பர் 10-ஆம் தேதி லண்டனில் மறுபடி கூடியபோது அவருக்கு 59 வயது. பல பாட்டுகளைச் சுதி இறக்கித்தான் வாசித்தார்கள், யாருக்கும் குறை தெரியவில்லை. அதன் பிறகு ஊர் ஊராகப் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். மனுஷன் போகவில்லை. பாடகி அலிசன் கிராஸுடன் தணிந்த குரலில் பாடிய 'ரெய்சிங் சாண்ட்' 2009-இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. எனக்கென்னவோ இளவயதுக் கத்தலைவிட இந்தப் பிளாண்டைத்தான் பிடிக்கிறது. நீ அடிக்க வருவாய், தெரியும்.

எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. ராக் பாடகர் ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கக் குரல் நாண் சுருங்கிப்போய் 2022-இல் அறுவை சிகிச்சை, உள்ளே ஒரு பொருளை வைத்துத் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீவன் டைலருக்கு 2023-இல் குரல்வளையில் அடி, மறு வருஷமே அவருடைய ஏரோஸ்மித் கோஷ்டி சுற்றுப்பயணத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டது. ஆனால் புரூஸ் டிக்கின்சன்! 2007-இல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் நம் கண் முன்னால் ஓடி ஓடிப் பாடினாரே, அவருக்கு நாக்கில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்து, 2016-இல் மறுபடி அயர்ன் மெய்டனோடு மேடை ஏறினார். இதைச் சிலோனிடம் சொன்னது வினையாகிவிட்டது. "அவனால முடியும்னா என்னால முடியாதா" என்று வீட்டு மொட்டை மாடியில் நின்று கத்திப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் சைகை பாஷை.

நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான். பாட்டு ஏ மைனர், அதாவது சுதி ஆறு கட்டை. அதை ஐந்துக்கு இறக்கு. அந்தத் தாழ்ந்த குரல் பகுதியை அவன் இப்போதும் அருமையாகப் பாடுகிறான், கரகரப்பு சேர்ந்து முன்பைவிடக் கனமாக இருக்கிறது. கூச்சல் வருகிற இடம் மட்டும் சுதி இறக்கினாலும் அவனுக்கு எட்டாது. அதைக் கிடார் வாங்கிக்கொள்ளட்டும். மெதுவாக ஆரம்பித்து நீயே மேலே கொண்டு போ, அவன் கீழே நின்று தாங்கட்டும். 'உனக்கு முடியாது' என்று மட்டும் சொல்லிவிடாதே. 'எனக்கு ஒரு சோலோ கொடுடா' என்று கெஞ்சு. உனக்குக் கெஞ்ச வராது, இருந்தாலும்.

இன்னொன்று, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமில்லையா. திறந்தவெளிப் பந்தல் வேறு. தொண்டை வறண்டுவிடும், பாட்டுக்குப் பாட்டு அவனைத் தண்ணீர் குடிக்க வைக்கும் பொறுப்பு காஜாவுக்கு. கள்ளுக்கடைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. கிடாரை ஒரு கட்டை இறக்கினால் கம்பி தொய்யும், கொஞ்சம் தடிமனான செட்டாக இரண்டு வாங்கி வா. இங்கே கிடைப்பதை நம்ப முடியாது. அப்புறம், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் டிரம்ஸை இந்தத் தடவை நீயே திறந்து காட்ட வேண்டும் என்கிறான் மீசை.

உன்,
பேஸ் கிடார்காரன்