கண்மாய்க் கருவேலத்தை ஏலம் விடும் முன்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கண்மாய்களில் நிற்கும் சீமைக் கருவேலத்துக்கு இனி ஏலம் விடும்போது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள். தூரோடு, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையோடு, பிடுங்கினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மரத்தை மட்டும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டுப் போனால், அடுத்த மழைக்கே தூரைச் சுற்றிப் புதுக்கிளைகள் கிளம்பிவிடும். துளிர்விடும் இடம் மண்ணுக்குள் இருக்கிறது. ஓரடிக்காவது தோண்டியாக வேண்டும். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2022ல் அயல் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. இன்றும் முதுகுளத்தூர், கமுதி பக்கம் எத்தனையோ கண்மாய்களில் கருவேலக் காடுதான் நிற்கிறது.

தூர் எடுக்கக் கூலி கட்டுப்படியாகாது என்பீர்கள். அந்தத் தூர்க்கட்டையும் கரியாகும், காசாகும். மூட்டம் போட்டு விறகைக் கரியாக்குகிறவர்களைக் கேளுங்கள். கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் சருகும் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். வெள்ளைப் புகை மெலிந்து நீலம் தட்டும்வரை இரவும் பகலும் காவல். மண்ணில் ஒரு வெடிப்பு விட்டாலும் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும். அந்தப் புகையைக் குடிப்பவர்கள் பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். ஏலத்தில் முன்பணம் கட்ட அவர்களால் முடியுமா? உள்ளூர் மகளிர் குழுக்களுக்கும் கரி மூட்டத் தொழிலாளர்களுக்கும் இந்த மரங்களை முன்பணமில்லாமல், விற்றபின் பங்கு என்ற முறையில் கொடுங்கள். புகை குறைந்த சூளைக்கு மானியமும் கொடுங்கள்.

மூட்டம் பிரித்ததும் அடியில் தங்கும் கரித்தூள் ஊரிலேயே நிற்கட்டும். ஆட்டெருவோடு ஊறவைத்து மணல்சாரி நிலத்தில் இட்டால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். முண்டு மிளகாய்க்கு அது பெரிய காரியம். உவர் மண்ணில் மட்டும் பரிசோதனை செய்யாமல் இடக்கூடாது.

கருவேலத்தின் காய்ந்த காயான நெற்றையும் விடாதீர்கள். அதை அப்படியே தின்னும் ஆடுகள்தான் புழுக்கையோடு விதையை ஊரெல்லாம் பரப்புகின்றன. காயவைத்து விதையோடு அரைத்தால் முளைப்பும் நிற்கும், கோடைக்குத் தீவனமும் ஆகும். கிராமத்துக்கு ஓர் அரவை இயந்திரம் போதும்.

கரியில் வருமானம் வந்தால் மரத்தை யார் ஒழிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தரிசான பட்டா நிலத்தில் வளர்த்து வெட்டிக்கொள்வது நிலக்காரர் பாடு. கண்மாயிலும் வரத்துக்காலிலும் ஒரு மரம்கூடக் கூடாது.

ஐப்பசி மழைக்கு முன் ஒன்றியத்துக்கு ஒரு கண்மாயை இந்த முறையில் ஒப்படையுங்கள். எவ்வளவு கரி, எவ்வளவு கூலி, எத்தனை தூர் என்ற கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்மாய்ப் பாசன விவசாயி